பட்டம் பெற்ற வாலிபரின் கணக்கு

குழித்துறையிலிருந்து பி.காம். பட்டம் பெற்ற வாலிபர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலைக்கு அவருக்கு உத்தரவு வந்திருக்கிறது. தகப்பனாரோ அவரை வளைகுடா தேசத்துக்கு அனுப்ப விரும்பி, விசாவுக்காக ஏஜெண்டு ஒருவருடன் பேசி வருகிறார். அதற்கு வேண்டிய பணத்துக்கு இருக்கிற சொற்ப நிலத்தை ஒற்றி வைப்பதாக உத்தேசம். வாலிபரின் ஆசை வேறு. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கும் தாய்மாமனோடு சேர்ந்து, அத்தொழிலின் கணக்கையும் விற்பனையையும் தாம் ஏற்று நடத்த வேண்டுமென்கிறார். "பணம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை, பத்து வருஷத்துக்குப் பின் நான் எத்தகைய மனிதனாயிருப்பேன் என்றுதான் யோசிக்கிறேன்" என்பது அவர் வாக்கியம்.

நம்மவருக்கு உத்தியோக மோகம் பிடித்துவிட்டது என்று கண்டிப்பது இத்தருணத்தில் பத்திரிகைகளின் வழக்கம். நாம் அப்படிக் கண்டிக்க முன்வரவில்லை. விளவங்கோடு தாலூகா 1956 நவம்பர் 1-ந் தேதி வரையில் மலையாளப் பகுதிகளோடு ஒரே ராஜ்யத்தில் சேர்ந்திருந்தது. அந்தத் திருவிதாங்கூரில் 1891-ல் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு, சர்க்கார் உத்தியோகம் கோரி மகாராஜாவுக்கு விண்ணப்பம் செய்தார்கள். ஈழவ ஜாதியிற் பிறந்த டாக்டர் பல்பு வைத்தியப் பரீட்சையில் தேறியும், சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டு, மைசூருக்குச் சென்று உத்தியோகம் பார்க்க நேர்ந்தது. 1896-ல் அவர் முயற்சியால் 13,176 பேர் கையொப்பமிட்டு மற்றொரு விண்ணப்பம் சென்றது. ஆகவே இப்பக்கத்துப் பாட்டன்மாருக்குச் சம்பள உத்தியோகம் என்பது வயிற்றுப்பாடு மாத்திரமன்று, மானத்தின் அடையாளம். அந்த நினைவு வீட்டுக்கு வீடு இன்னும் தங்கியிருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆயினும் அன்றைய நிலைமை வேறு, இன்றைய நிலைமை வேறு. 2011 ஜனக்கணக்குப்படி கன்னியாகுமரி ஜில்லாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 91-க்கு மேல். தமிழ்நாட்டில் வேறெந்த ஜில்லாவும் அதற்கு ஈடில்லை. தெருவுக்குப் பத்துப் பட்டதாரிகள் உள்ள ஊரில் பட்டத்தைக் கண்டு மயங்குவோர் யார்? இரண்டு பேர்தான்: கடன் கொடுப்பவர் ஒருவர், சீதனப் பேச்சை நடத்தும் தரகர் மற்றொருவர். படிப்புக்கு வாங்கிய கடனைத் தீர்க்க விசா, விசாவுக்கு வாங்கிய கடனைத் தீர்க்கச் சீதனம் என்று போகும் வட்டத்துக்குள் அகப்பட்டவனிடம், நீ எந்தத் தொழிலை விரும்புகிறாய் என்று கேட்பதே பரிகாசமாகும். தொழிலைத் தெரிந்தெடுப்பது அவனல்ல, அவன் கடன்.

இனி மார்த்தாண்டத்துத் தேனைப் பற்றி. 1920-களில் ஸ்பென்ஸர் ஹாச் என்னும் அமெரிக்கர் அங்கே வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் கிராம நிர்மாண நிலயம் நடத்தினார். கிராமத்தான் தன் முயற்சியினாலேயே எழவேண்டும், விஷயமறிந்தவன் பக்கத்திலிருந்து யோசனை சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. அங்கே பரவிய தேனீ வளர்ப்பு இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஜீவனம். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் சில மாதங்களில்தான் தேன் மிகுதியாய்க் கிடைக்கும். மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு ஊற்றி ஈக்களைக் காப்பாற்ற வேண்டும். வரவு சில மாதம், செலவு வருஷம் முழுதும். இந்த இடைவெளியில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே தேனை அளந்து கொடுத்துவிடுகிறார் தம் மாமன் என்று வாலிபர் எழுதுகிறார். ஈ வளர்க்கத் தெரிந்தவருக்குக் கணக்குத் துணை இல்லை. கணக்குத் தெரிந்தவரைக் கடல் கடந்து அனுப்ப ஏற்பாடாகிறது!

தஞ்சாவூரிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா லண்டனில் கணக்குப் பரிசோதனைத் தொழில் கற்று, பம்பாயில் அதை நடத்திச் செல்வமாக வாழ்ந்தவர். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் ராஜாங்க வரவு செலவு சாஸ்திரம் பயின்று திரும்பியபின், 1929-ல் காந்தியடிகளைச் சந்தித்தார். தொழிலை விட்டார் என்று சொல்வார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். குஜராத்தில் மாதர் தாலூகாவின் கிராமங்களுக்குள் சென்று குடியானவனின் வரவு செலவைப் பரிசோதித்தாரே, அது என்ன தொழில்? 1934-ல் ஏற்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்துக்கு அவரே காரியதரிசி. கற்ற வித்தை அதுவேதான். கட்சிக்காரர் மாறினார்கள், அவ்வளவே.

இதனால் நமது நண்பரை நாம் உடனே மார்த்தாண்டத்துக்குப் போகச் சொல்லுவதாக எண்ணலாகாது. அவர் கடிதத்தில் பெருங்குறை ஒன்றிருக்கிறது. பத்துப் பக்கம் எழுதியவர், மாமனிடம் எத்தனை பெட்டிகள் உண்டு, பெட்டி ஒன்றுக்கு எத்தனை கிலோ தேன், முன்பணம் எவ்வளவு என்று ஒரு வரி எழுதவில்லை. மனவளர்ச்சி என்ற சொல் மாத்திரம் பலமுறை வருகிறது. பி.காம். படித்தவருக்கு இது அழகன்று. 1991-92-ல் வைரஸ் நோய் பரவித் தென்னிந்தியாவின் நாட்டுத் தேனீக்களில் பெரும்பாகம் மாண்டபோது, அதை நம்பியிருந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டனவென்பதையும் அவர் மாமனைக் கேட்டறிய வேண்டும். அத்தகைய வருஷம் மீண்டும் வந்தால் எதைக் கொண்டு தாங்குவது என்று எழுதி வைத்தபின் இறங்கட்டும். சென்னை வேலையில் ஓராண்டு இருந்து கைமுதல் சேர்த்துத் திரும்பினாலும் நமக்கு ஆட்சேபணையில்லை; அதில் ஒற்றிப் பத்திரம் இல்லை.

தகப்பனார் நமது பத்திரிகையைத் தவறாமல் வாசிப்பவராம். ஆகவே அவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, கோர்ட்டில் ஒற்றிப் பத்திரங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. மீட்கப்பட்ட நிலங்களையும் கண்டதுண்டு. மீளாதவற்றையே அதிகம் கண்டோம். ஏஜெண்டின் பெயர் சர்க்கார் பதிவில் இருக்கிறதா, வேலை ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு, அதிலிருந்து ஒற்றியை மீட்க எத்தனை வருஷமாகும் என்ற மூன்றையும் மகனைக் கொண்டே ஒரு காகிதத்தில் எழுதச் செய்யுங்கள். மாமன் தொழிலின் கணக்கையும் அதன் பக்கத்திலேயே அவர் எழுதட்டும். இரண்டையும் பார்த்து முடிக்கும்வரை தயவுசெய்து கையொப்பமிடாதிருங்கள்.