நின்ற வண்டிக்கு வழி விடு: அடிபட்ட பிறகு காப்பாற்ற சட்டம் இருக்கு, அடிபடாமல் காப்பாற்ற?



2023 செப்டம்பர் 11, அதிகாலை. பெங்களூரு - சென்னை தேசிய நெடுஞ்சாலையில், திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி பக்கத்தில் ஒரு சுற்றுலா வேன் பஞ்சராகி நின்றது. ஆம்பூர் பக்கம் ஓணாங்குட்டை கிராமத்து மக்கள், கர்நாடகாவுக்குச் சுற்றுலா போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பஞ்சர் வேலை நடக்கிற நேரத்தில் பெண்கள் சிலர் இறங்கி வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோதியது. மோதிய வேகத்தில் வேன் அந்தப் பெண்கள் மேலேயே ஏறியது. ஏழு பெண்கள் உயிரிழந்தார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்தால் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் முதலில் வருகிற கேள்வி, "ஏன் ரோட்டுல போய் உட்கார்ந்தாங்க?" என்பதுதான். சரி, வேறு எங்கே உட்காருவாங்க? இருட்டில், ஆறு வழிச் சாலை ஓரத்தில், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் பள்ளமா முள்ளா என்று தெரியாத இடத்தில், வண்டியை விட்டு இறங்கிய மனுஷன் எங்கே போய் நிற்கணும் என்று யாராவது அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கோமா? எந்த அரசு சொல்லியிருக்கு? எந்த டோல்கேட்டில் போர்டு வெச்சிருக்காங்க?

இது நம்ம மாநிலத்துப் பிரச்சினை மட்டும் இல்லை. 2025 நவம்பர் 2-ஆம் தேதி ராஜஸ்தான் மாநிலம் பலோடி மாவட்டத்தில், சாலையோரம் நின்ற டிரெய்லர் லாரி மேல் கோயிலுக்குப் போய்த் திரும்பிய வேன் மோதி 15 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றமே அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ஒரு இடத்தில் நின்ற வேனில் இருந்தவங்க செத்தாங்க. இன்னொரு இடத்தில் நின்ற லாரியில் மோதியவங்க செத்தாங்க. நெடுஞ்சாலையில் ஒரு வண்டி நின்றால் ரெண்டு பக்கமும் உயிர் போகும். இது அதுக்குச் சாட்சி.

இனி சட்டத்துக்கு வருவோம்.

விபத்து நடந்த பிறகு காப்பாற்ற இன்றைக்கு ஓரளவு ஏற்பாடு இருக்கு. அதை மறுக்க வேண்டியதில்லை. அடிபட்டவருக்கு நல்ல எண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்கு பாயாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்லுது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவிக்கையாக வெளியிட்டது. அதுவும் சும்மா வரலை. உச்ச நீதிமன்றம் கெடு வைத்து, கெடு தாண்டிய பிறகு கண்டித்து, அப்புறம் வந்தது.

ஆனால் வண்டி நின்றதுக்கும் விபத்து நடந்ததுக்கும் நடுவில் ஒரு அரை மணி நேரம் இருக்கு பாருங்க, அந்த அரை மணி நேரத்தில் ரோட்டில் நிற்கிற மனுஷனுக்குச் சட்டம் என்ன பாதுகாப்பு கொடுக்குது?

தேடிப் பாருங்கள். 122-வது பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வருகிற மாதிரி வண்டியை ரோட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்கிறது. 127-வது பிரிவு, கேட்பாரற்று நின்று ஆபத்தை உண்டாக்குகிற வண்டியை உடனே இழுத்துப் போகப் போலீசுக்கு அதிகாரம் தருது. 201-வது பிரிவு, போக்குவரத்துக்குத் தடையாக வண்டியை நிறுத்தினால் அபராதம் போடச் சொல்லுது. இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இந்த மூன்று பிரிவும் நின்ற வண்டியை ஒரு இடைஞ்சலாக மட்டும்தான் பார்க்குது. அதுக்குப் பக்கத்தில் ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்றுகிற டிரைவர், குழந்தையை இடுப்பில் வெச்சுக்கிட்டு நிற்கிற அம்மா, இவங்க யாரும் அந்த வரிகளில் இல்லை.

ஆம்புலன்சுக்கு வழி விடலைன்னா 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வரலாம். 2019 திருத்தத்தில் வந்த நல்ல பிரிவு அது. ஆனால் நின்ற வண்டியை ஒட்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் உரசிக்கொண்டு போகிறவரை, "வேகத்தைக் குறை, பக்கத்து லேனுக்கு விலகிப் போ" என்று கட்டாயப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. மோதி ஆள் செத்த பிறகுதான் வழக்கு.

இப்படி ஒரு சட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் முப்பது வருஷ அனுபவம் இருக்கு. 1994-இல் தெற்குக் கரோலினா மாநிலத்தில், விபத்து நடந்த இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆம்புலன்ஸ் ஊழியர் மேல் வண்டி மோதியது. போலீஸ் அறிக்கையோ தப்பு அவர் மேல்தான் என்று எழுதியது. "ஏன் ரோட்டுல உட்கார்ந்தாங்க?" என்று நம்ம ஊரில் கேட்கிறது மாதிரியேதான். அவர் விடவில்லை, போராடினார். 1996-இல் அங்கே 'விலகிப் போ' சட்டம் வந்தது. 2012-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வந்துவிட்டது. முதலில் போலீஸ், ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கு மட்டும் இருந்த பாதுகாப்பைப் பல மாநிலங்கள் சாதாரண மக்களுக்கும் விரித்தன. புளோரிடாவில் 2024 ஜனவரி 1 முதல், நியூயார்க்கில் 2024 மார்ச் முதல், பழுதாகி நிற்கிற எந்தக் காராக இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. புளோரிடாவில் ஹசார்டு லைட் எரிந்தாலோ, வண்டிப் பக்கத்தில் ஆள் நின்றாலோ போதும், அடுத்த லேனுக்கு விலகணும். விலக இடமில்லைன்னா வேகத்தைக் குறைக்கணும்.

"இன்னொரு சட்டமா? இன்னொரு அபராதமா? ஏற்கெனவே லாரி டிரைவர் பாக்கெட்டைத்தான் பிடுங்குறீங்க" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் நியாயமானது. அதனால்தான் தெளிவாகச் சொல்கிறோம். வண்டி பழுதானவர் மேல் பாரம் ஏற்றச் சொல்லவில்லை. பக்கத்தில் பாய்ந்து போகிறவருக்குக் கடமை வைக்கச் சொல்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு தூக்கம் தாங்காமல் லாரியை ஓரம் கட்டுகிற டிரைவரைத் திட்டுகிறது சுலபம். அவர் நிறுத்தித் தூங்க எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு இடம் கட்டி வெச்சிருக்கோம் என்பதை முதலில் கணக்குப் பார்க்கணும்.

வண்டிக்குள் இருப்பவர்கள் கதையும் இதே கதைதான். 2022-இல் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுக்க 16,715 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்லுது. அதில் 8,331 பேர் டிரைவர் இல்லை, கூட வந்த பயணிகள். அதே வருஷம் செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்ததும் விலை உயர்ந்த காரின் பின் சீட்டில்தான். பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. முன்னால் நிற்கிற லாரியைக் கடைசி நொடியில் பார்த்து பிரேக் அடிக்கும்போது, பின் சீட்டில் இருப்பவரைப் பிடித்து வைக்க அந்த ஒரு பட்டைதான் இருக்கு.

ஆகவே நம் கோரிக்கைகள்:

ஒன்று. நின்ற வண்டியைக் கண்டால் வேகம் குறைத்து விலகிப் போவதை மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவாகக் கொண்டு வரணும். மோட்டார் வாகனம் பொதுப் பட்டியலில் இருக்கிற விஷயம். டெல்லி முடிவெடுக்கட்டும் என்று கையைக் கட்டி உட்கார வேண்டியதில்லை. மாநிலச் சட்டமன்றமே திருத்தம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்கு அனுப்பலாம்.

இரண்டு. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. காசு கட்டுகிற ஒவ்வொரு டோல்கேட்டிலும், வழி நெடுகவும், கண்ணில் படுகிற அளவில் தமிழில் எழுதி வைக்கணும். அழைத்தால் ரோந்து வண்டியும் கிரேனும் எத்தனை நிமிஷத்தில் வந்தன என்ற கணக்கை மாதாமாதம் வெளியிடணும்.

மூன்று. லாரி நிறுத்த, தூங்க, கை கால் கழுவ விளக்கு வெளிச்சத்தோடு ஒதுக்கிடம் வேண்டும். சாலையைத் தரமில்லாமல் கட்டினால், பராமரித்தால் ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் வரை அபராதம் போடலாம் என்று 198ஏ பிரிவு இருக்கு. அது ஏட்டில் தூங்கக் கூடாது.

சட்டம் வருகிற வரைக்கும் நாம் செய்ய வேண்டியதும் இருக்கு. வண்டி நின்றால் ஹசார்டு லைட்டைப் போடுங்கள். எதிரொளிக்கும் முக்கோணத்தை வண்டிக்கு நன்றாகப் பின்னால், வருகிறவர் தூரத்திலேயே பார்க்கிற மாதிரி வையுங்கள். கல்லையும் மரக்கிளையும் வைத்துவிட்டு அப்படியே போகாதீர்கள், அடுத்து வருகிற பைக்காரர் அதில்தான் விழுவார். எல்லோரையும் இறக்கி, தடுப்புக் கம்பிக்கு வெளியே, சாலையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் உட்காரவே கூடாது. 1033-க்கு அழையுங்கள். ஓட்டிக்கொண்டு போகும்போது நின்ற வண்டியைப் பார்த்தால், சட்டம் இல்லாவிட்டாலும் விலகிப் போங்கள்.

கல்யாணம், திருவிழா என்று வேன் பிடித்துக் கிளம்புகிற சீசனில் இதை உங்கள் தெருக் குழுவிலும், டிரைவர் நண்பர்களுக்கும் பகிருங்கள். உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, ஒரு மனு எழுதிக் கொடுங்கள். ஓணாங்குட்டையில் இருந்து கிளம்பிப் போன அந்தப் பெண்கள் ஒரு பஞ்சரால் சாகவில்லை. நின்ற வண்டிக்கு வழி விடணும் என்று இந்த நாட்டில் யாரும் சட்டமாக எழுதி வைக்காததால் செத்தார்கள். அதை எழுத வைப்பது நம் வேலை.

#நின்ற_வண்டிக்கு_வழி_விடு
#சாலைப்_பாதுகாப்பு