இருபத்தொரு கிலோவும் ஒரு மகஜரும்

மணவூரில் ரயிலேறினால் அரக்கோணம், திருத்தணி. அதைத் தாண்டினால் ஆந்திரம். இந்த வழியில் கஞ்சா பிடிபடுவது புதிய செய்தியல்ல. ஒருவரிடம் 21 கிலோ இருந்ததாக வழக்கு என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் முதலில் எதை எடுக்க வேண்டும்?

பலரும் தீர்ப்பைத் தேடி செல்போனை எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது கேஸ் கட்டையும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தையும். செடியின் பூத்த, காய்த்த நுனிகள்தான் கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது என்கிறது 2-ஆம் பிரிவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. தண்டனை குறைந்தது 10 ஆண்டு. 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்பதால் ஜாமீன் குதிரைக்கொம்பு. அப்படியானால் பறிமுதல் மகஜரில் எடையைச் சொல்லும் அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தாலும் தகும்: சாக்கோடு நிறுத்தார்களா? இலை, விதையைக் கழித்தார்களா? மாதிரி எடுத்தது யார் முன்னிலையில்?

தீர்ப்புகள் அதன் பிறகுதான். அவற்றுக்கு இன்று பஞ்சமில்லை. 1891 முதல் வரும் 'மெட்ராஸ் லா ஜர்னல்' தொகுதிகளுக்காக சீனியரின் அலமாரியை நம்பியிருந்த காலம் போய்விட்டது. 2008-இல் வந்த 'இந்தியன் கானூன்', 2023-இல் உச்ச நீதிமன்றம் தொடங்கிய 'இ-எஸ்சிஆர்' இரண்டும் இலவசம். அதிகாரியிடம் 67-ஆம் பிரிவின்கீழ் தந்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளக்கூடாது என்ற 2020-ஆம் ஆண்டின் தூஃபான் சிங் தீர்ப்பு, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் வந்ததுதான். அதை இப்போது ரயிலில் நின்றபடியே படிக்கலாம்.

ஆனால் பிரிவு எண்ணை மட்டும் தட்டித் தேடுகிறவர் ஏமாறுவார். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302. பின் நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. முன்ஜாமீன், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438-லிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-க்கு வந்துவிட்டது. பழைய 482-இல் இருந்த உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. பழைய சட்டப் புத்தகத்தைக் கடையில் போடாமல் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டிய காலம் இது.

எல்லைக்கு அந்தப் பக்கம் வழக்கு பதிவானால் சிக்கல் கூடுகிறது. வேறு மாநில வழக்கிலும் இங்குள்ள நீதிமன்றம் குறுகிய கால முன்ஜாமீன் தரலாம் என்று 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு உத்தரவு. நகல் கைக்கு வரும், தெலுங்கில். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே ஆந்திரத்தில் இருந்தது; தெலுங்கு வாசிக்கத் தெரிந்த குமாஸ்தாவை இங்கே தேடிப் பிடிப்பது கஷ்டமல்ல. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சம்பவ நேரம், இடம், எடை என்று வரிவரியாகக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு மனுவைத் தயாரிக்கலாம்.