சோறும் தேத்தண்ணியும்: நடுவில் ஒரு மணி நேரம்

உலையில் போட எடுத்த அரிசியில் ஒரு பிடியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார் ஒருவர். ஐஸ்பெட்டியைத் திறந்து ஐஸ்கட்டியை நறநறவென்று கடிப்பார் இன்னொருவர். மழை விழுந்த மண் வாசத்துக்கு நாக்கில் எச்சில் ஊறும் சிலருக்கு. நெற்றியில் இட்டது போக மிச்சத் திருநீற்றை வாயில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. நம் வீடுகளில் இதைப் பார்த்தால் "கெட்ட பழக்கம்" என்று அதட்டுவோம். கர்ப்பிணியாக இருந்தால் "மசக்கை" என்று சிரித்துவிட்டுப் போவோம்.

மருத்துவர்கள் இதைப் 'பைக்கா' என்கிறார்கள். உடலில் இரும்புச்சத்து வற்றும்போது காணப்படும் விநோத அறிகுறிகளில் இதுவும் ஒன்று. சிகிச்சையில் இரும்பு ஏறத் தொடங்கியதும் ஐஸ் மேல் இருந்த ஆசை பெரும்பாலும் தானாகவே விட்டுப்போகும்.

இதைப் பற்றி எழுத லெம்பா பெர்த்தாமைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ரிங்லெட் பக்கத்து மலைச்சரிவுகளில் நம்மவர்கள் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்கிறார்கள். போ தேயிலை நிறுவனம் 1929-இலும் பாரத் தேயிலை நிறுவனம் 1933-இலும் தொடங்கப்பட்டவை. இன்று கொழுந்து பறிக்கும் கைகளில் பல, வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவை. ஆனால் தேத்தண்ணிப் பழக்கம் நம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. காலையில் ரொட்டியோடு ஒரு கப், மத்தியானம் சோறு முடிந்த கையோடு ஒரு கப், குளிருக்கு ஒரு கப்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரத்தச்சோகையின் அறிகுறி ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு சாக்கு தயாராக இருக்கிறது. மூச்சு வாங்கினால் "மேடு ஏறினால் வாங்காதா?" கை கால் சில்லிட்டால் "கேமரன் குளிர்." முகம் வெளுத்தால் "இங்கே வெயில் ஏது?" போதாததற்கு, உயரமான இடத்தில் வாழ்பவர்களின் உடல் சற்றுக் கூடுதலாக ஹீமோகுளோபின் தயாரிக்கும். அதனால் இரத்தப் பரிசோதனையில் எண் ஓரளவு நன்றாகத் தெரியும். உள்ளே இரும்பு இருப்பு காலியாகிக்கொண்டிருக்கும். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதே நிறுவனம், கடல்மட்டத்திலிருந்து உயரத்தில் வாழ்பவர்களுக்கு அந்தக் கணக்கைத் திருத்திப் பார்க்கச் சொல்கிறது.

தேத்தண்ணிக்கும் இரும்புக்கும் என்ன பகை? இதற்கான பதிலைத் தேடித் தந்தவர்களில் நம்மைப் போலவே கப்பலேறிப் போனவர்களின் பேத்திகளும் இருக்கிறார்கள். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களும் மற்ற இந்தியர்களும் கொண்டுசெல்லப்பட்டார்கள். நிறவெறி ஆட்சி 1960-களில் அவர்களின் வாரிசுகளை டர்பன் நகருக்கு வெளியே சாட்ஸ்வொர்த் என்ற குடியிருப்புக்கு விரட்டியது. அங்குள்ள இந்தியப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைபாடு அதிகம். அவர்களைப் போன்ற பெண்களின் உதவியோடு தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 1975-இல் வெளிவந்தது. ரொட்டி, உருளைக்கிழங்கு வெங்காய சூப்போடு சோறு என்று சாதாரண உணவைக் கொடுத்து, கூடவே தேநீரும் கொடுத்தபோது, உடல் ஈர்த்துக்கொண்ட இரும்பின் அளவு வெகுவாகக் குறைந்தது.

காரணம் தேயிலையின் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பைத் தரும் டானின், குடலில் இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. பழைய காலத்தில் டானினையும் இரும்பு உப்பையும் கலந்துதான் கறுப்பு மை காய்ச்சினார்கள். கிட்டத்தட்ட அதே வேதியியல்தான் நம் வயிற்றிலும் நடக்கிறது. கீரை, பருப்பு, அரிசியில் இருக்கும் இரும்புக்குத்தான் இந்தப் பாதிப்பு அதிகம். சமைத்த இறைச்சியின் இரத்தத்தில் உள்ள இரும்பை தேநீர் அவ்வளவாகத் தொடுவதில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாட்ஸ்வொர்த் கதை அதோடு முடியவில்லை. அந்த மக்களைத் தேநீரை விடச் சொல்வதற்குப் பதிலாக, இரும்பைக் குழம்பு மசாலாத் தூளில் கலந்து பார்த்தார்கள். டானினிடம் சிக்காத வகையில் பாதுகாக்கப்பட்ட இரும்பு அது. சில குடும்பங்களுக்கு இரும்பு கலந்த மசாலா, சில குடும்பங்களுக்குச் சாதாரண மசாலா. யாருக்கு எது என்று ஆய்வு முடியும்வரை வீட்டாருக்கும் தெரியாது, ஆய்வாளர்களுக்கும் தெரியாது. இரண்டு ஆண்டுகள் இப்படிச் சமைத்தார்கள். 1989-இல் முடிவு வெளியானது: இரும்பு மசாலா வீட்டுப் பெண்களிடம் 22 விழுக்காடாக இருந்த இரும்புச்சத்து இரத்தச்சோகை, 5 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது.

இதில் இன்னொரு விநோதமும் உண்டு. சிலருக்கு உணவோடு குடிக்கும் இதே தேத்தண்ணி நன்மை செய்கிறது. தலசீமியா நோயில் ஒரு வகை உண்டு. அதில் இரத்தம் குறைவாக இருந்தும் குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மிதமிஞ்சிய இரும்பை வெளியேற்ற நம் உடலுக்கு வழி கிடையாது. அது கல்லீரலிலும் இருதயத்திலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு உணவோடு தேநீர் கொடுத்தால் இரும்பு ஏறுவது குறைகிறது என்று 1979-லேயே கண்டார்கள். சிகிச்சைக்கு அது மாற்றாகாது என்றாலும் ஒரு துணை.

ஆக, இரண்டு பேர் ஒரே மாதிரி வெளுத்திருக்கலாம். ஒருவருக்கு இரும்பு போதவில்லை, மற்றவருக்கு இரும்பே எதிரி. நான் நடத்தும் வானொலி நிகழ்ச்சியில் மருத்துவர் விருந்தினராக வரும் நாளில் நேயர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "ரொம்பச் சோர்வா இருக்கு, என்ன டானிக் குடிக்கலாம்?" என்பதுதான். டானிக்கின் பெயரைச் சொல்வதற்கு முன் எந்த மருத்துவரும் திருப்பிக் கேட்கும் கேள்வி: இரும்பு எங்கே போனது?

மாதவிடாயில் அதிகம் போகலாம். அடுத்தடுத்த பிரசவங்களில் போகலாம். கொக்கிப்புழு குடிக்கலாம், வெறுங்காலோடு தோட்டத்து மண்ணில் நடந்த நம் முன்னோரின் இரத்தத்தை அது எவ்வளவு குடித்தது என்று பார்க்க, 1915-க்கும் 1917-க்கும் இடையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு மலாயாவுக்கே வந்தது. மூட்டு வலிக்கு நாள்தோறும் விழுங்கும் மாத்திரையால் வயிற்றில் புண்ணாகி, அதிலிருந்தும் கசியலாம். ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பெருங்குடல் புற்றுநோய் பலரிடம் முதலில் வெறும் சோர்வாகத்தான் தலைகாட்டுகிறது. அந்த நேரத்தில் டானிக் குடித்து ஆறு மாதத்தை ஓட்டுவது ஆபத்து.

தொண்டையும் பேசும். நீண்டநாள் இரும்புக் குறைபாட்டில், அரிதாகச் சிலருக்கு உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு ஒன்று வளர்ந்துவிடும். கஞ்சி இறங்கும், சோற்று உருண்டை சிக்கும். பிளம்மர்-வின்சன் என்று இதற்குப் பெயர். இரும்புச் சிகிச்சையில் பலருக்குச் சரியாகும். சிலருக்குச் சவ்வை விரித்துவிட வேண்டியிருக்கும். கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. "தொண்டையில் சிக்குது" என்று பாட்டி சொன்னால், "மெதுவா மென்னு சாப்பிடுங்க பாட்டி" என்பதோடு விட்டுவிடாதீர்கள்.

என்ன செய்யலாம்? அரசாங்கக் கிளினிக்கில் ஹீமோகுளோபின் பார்க்கும்போது, இரும்பு இருப்பைக் காட்டும் 'ஃபெரிட்டின்' பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் இரத்தம் ஏறவில்லையென்றால் தலசீமியாவுக்குப் பார்க்கச் சொல்லுங்கள். 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கு இந்தப் பரிசோதனை நடக்கிறது. பிள்ளையின் முடிவை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். தாய் தகப்பன் இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஐம்பது வயதானவர்கள், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையையும் கிளினிக்கில் கேட்கலாம்.

தேத்தண்ணியை விடச் சொல்லி நான் யாரையும் கேட்கப்போவதில்லை. அதுவும் கேமரன் மலைக்காரர்களிடம்! சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள். இங்கிலாந்துப் பெண்களை வைத்துச் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், அந்த ஒரு மணி நேர இடைவெளியே இழப்பைக் கணிசமாகக் குறைத்தது. சாப்பாட்டோடு இந்த மலையில் விளையும் தக்காளியோ குடைமிளகாயோ ஸ்ட்ராபெரியோ இருக்கட்டும். அவற்றின் வைட்டமின் சி இரும்பைக் குடலுக்குள் கைபிடித்து அழைத்துப் போகும்.

கடைசியாக ஒன்று. கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையைச் சூடான தே தாரிக்கோடு விழுங்குபவர்கள் நம்மில் நிறையப் பேர். மாத்திரைக்கு வெறும் தண்ணீர் போதும்.