அறமும் ஆரவாரமும்

கல்லூரி விழா என்றதும் வளைவும் தோரணமும் மேளமும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும், ஒரு கல்லூரியின் பெருமை அதன் கட்டடங்களில் மட்டும் தங்கியிருப்பதன்று. மதிலுக்கு அப்பால் வாழும் எளியோருக்கு அது யாது செய்தது என்பதிலும் தங்கியுள்ளது.

1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டித் தருமமும் நடாத்தினார். கல்வி தந்த கையே கஞ்சியும் வார்த்தது. நம் காலத்திலே, ஆசிரியையாகப் பணிபுரிந்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார், தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் ஆலயத்தை ஆதரவற்ற பெண்பிள்ளைகளின் புகலிடமாகவும் ஆக்கினார். 2008இல் மறையும்வரை அப்பணியில் அவர் தளரவில்லை.

2009இற் போர் ஓய்ந்தது. கணவனை இழந்தும், கணவன் இருக்குமிடம் அறியாதும் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் தாய்மார் நம்மிடையே பல்லாயிரவர். அவர்களிற் பலரை நுண்கடன் நாடி வந்தது. வாரந்தோறும் தவணை, ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன். 2018இல், வறட்சியால் வாடிய மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர நேர்ந்தது. வட்டிக்குக் கொடுப்பது உதவியாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கல்லூரியின் கடமை கற்பித்தலே. ஏனையவை பிறர் பொறுப்பு எனச் சிலர் கூறுவர். 1945இல் வந்த இலவசக் கல்வி பாடசாலைக் கட்டணத்தை நீக்கியது மெய்யே. ஆயின் பஸ் கட்டணத்தையும் வயிற்றுப் பசியையும் அது நீக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது காலையுணவின்றி வந்த பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்தவன் யான். அவர்கள் செவியில் எதுவும் ஏறவில்லை.

நாமும் உதவுகின்றோம். ஆயின் எவ்வாறு? பதாகை கட்டி, பிள்ளையை முன்னே நிறுத்தி, படம் எடுத்தபின் கொப்பிகளைக் கொடுக்கின்றோம். தந்தையற்ற மாணவன் ஒருவன் அத்தகைய வைபவத்துக்கு வராது ஒளித்துக்கொண்டான். மறுநாள் வினவியபோது, “சேர், படம் எடுக்காமல் தருவினமோ?” என்று கேட்டான். எனக்கு விடை வரவில்லை.

ஆதலின் பழைய மாணவருக்கு இரண்டு வேண்டுகோள்கள். விழா நிதியில் ஒரு பகுதியை நிலையான வைப்பிலிட்டு, அதன் வட்டியால் வறிய பிள்ளைகள் உயர்தர வகுப்பு முடிக்கும்வரை மாதந்தோறும் உதவுக. பெற்றவர் பெயரை வகுப்பாசிரியரும் பொருளாளரும் மட்டுமே அறிவாராக. தாய்மாருக்கோ கடனும் வேண்டாம், இலவசமும் வேண்டாம். சிற்றுண்டிச்சாலைக்கு வேண்டிய இடியப்பத்தையும் மாணவரின் சீருடைத் தையலையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வாயிலாக அவர்களிடமே நியாய விலைக்குப் பெறுவோம். நம்முள் இருக்கும் கணக்காளரும் சட்டத்தரணிகளும் அச்சங்கத்தின் கணக்கையும் கடன் பத்திரங்களையும் மாதத்தில் ஒருநாள் பார்த்துக் கொடுப்பின், அதுவும் பெருந்தொண்டே.

பழைய மாணவர் சங்கத்தார் இதனைத் தம் அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுத்து ஆராய்வாராக. அன்று அந்த மாணவனுக்குச் சொல்ல இயலாத விடையை அப்போதேனும் யான் சொல்லக்கூடும்.