கடைசியாகப் பேசுபவர்

முந்நூற்று நாலு ஆடிப் பழகிய நம் வீடுகளிலும் போக்கர் என்றதும் முகஞ் சுளிப்போர் பலர். அது பணம் வைத்து ஆடும் சூது. அதனை ஆடுமாறு நாம் எவரையும் தூண்டப் போவதில்லை. எனினும் அவ்வாட்டத்தில் கையில் ஒன்றுமில்லாதவரும் வெருட்டி வெல்கின்றாரே, அஃது எங்ஙனம்? துணிச்சலே காரணம் என்று நாமும் எண்ணியிருந்தோம். அதனினும் பெரிது அவர் அமர்ந்திருக்கும் இடமாகும்.

இன்று பெரிதும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் முறையில், ஒவ்வொருவருக்கும் 2 சீட்டுகள் மறைவாகக் கிடைக்கும். பொதுச் சீட்டுகள் 5. முதலில் மூன்றும், பின்னர் ஒவ்வொன்றாக இரண்டும் மேசையில் விரிக்கப்படும். கட்டந்தோறும் முறைப்படி பந்தயம் நடைபெறும். பொதுச் சீட்டு விரிந்த பின்னர், சீட்டுப் போடுபவருக்குரிய இடத்தில் இருப்பவரே ஈற்றில் பேசுவார். ஏனையோர் தயங்கினரா, துணிந்தனரா என்று கண்டறிந்த பின்னரே அவர் வாய் திறப்பார். முன்னே பேசுபவரோ இருட்டிற் கல்லெறிகின்றார்.

2003ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற உலகப் போக்கர் போட்டியைப் பார்ப்போம். 839 பேருள் இறுதியில் எஞ்சியோர் இருவர். ஒருவர் சாம் ஃபர்ஹா, தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர். மற்றவர் டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். (பணம் பண்ணுபவர் என்று பொருள்படும் அப்பெயர் புனைபெயரன்று!)

மணிமேக்கரிடம் இருந்தவை இஸ்பேட் ராசாவும் ஓர் ஏழும். ஃபர்ஹாவிடம் ஒரு ராணியும் ஓர் ஒன்பதும். மேசையில் 9, 2, 6, 8 விரிந்தன. இரண்டு நீங்கலாக மற்றவை மூன்றும் இஸ்பேட். ஃபர்ஹாவுக்கு ஒன்பதுச் சோடி அமைந்துவிட்டது. மணிமேக்கருக்கோ இன்னும் ஓர் இஸ்பேட் விழவேண்டும். அன்றேல் ஓர் ஐந்தோ பத்தோ விழவேண்டும். ஃபர்ஹா 3 இலட்சம் கட்டினார். மணிமேக்கர் அதனை 8 இலட்சமாக உயர்த்தினார். ஃபர்ஹாவும் ஈடு கொடுத்தார். கடைசிச் சீட்டு விழுந்தது. அது வேறோர் இனத்து மூன்று, எதற்கும் உதவாதது.

முதலிற் பேசவேண்டியவர் ஃபர்ஹா. அவர் பந்தயம் கட்டாது விட்டார். அந்த மௌனத்தைக் கேட்ட பின்னரே மணிமேக்கர் தம்மிடமிருந்த வில்லைகள் அனைத்தையும் முன்னே தள்ளினார். இடம் மாறியிருந்தால் அம்மௌனம் அவருக்குக் கிடைத்திராது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கணித மேதை ஜோன் வொன் நியூமன், மோர்கன்ஸ்டேர்னுடன் சேர்ந்து 1944இல் வெளியிட்ட நூலில் எளிதாக்கப்பட்ட போக்கர் ஒன்றை ஆராய்ந்தார். வெருட்டுவதற்கு ஏற்றவை மிக மோசமான சீட்டுகளே என்பது அவர் கண்ட முடிவு. நடுத்தரச் சீட்டு திறந்து காட்டினாலும் வெல்லக்கூடும். மோசமானதற்கோ வேறு வழியில்லை. மணிமேக்கரின் தனி ராசா அவ்வகையைச் சேர்ந்ததே.

ஃபர்ஹா நெடுநேரம் யோசித்தார். எதிரிக்கு வேண்டிய இஸ்பேட் விழவில்லைப் போலும் என்று வாய்விட்டும் கூறினார். ஊகம் முற்றிலும் சரி. ஆயினும் ஒன்பதுச் சோடியைக் கவிழ்த்துப் போட்டு விலகினார். பின்னர் பட்டமும் 25 இலட்சம் டொலரும் கணக்காளருக்கே சென்றன.