கடையின் பெயரா, கடைக்காரரின் மதமா?

ஒரு கடைக்குப் பெயர்ப் பலகை எதற்கு? உள்ளே என்ன கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதற்கு. முதலாளி எந்த மதத்தில் பிறந்தார் என்று சொல்வதற்கல்ல!

2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் முஸஃப்பர் நகர் காவல்துறை ஓர் உத்தரவு போட்டது. கங்கை நீரைக் காவடியில் சுமந்து செல்லும் கன்வர் யாத்திரைப் பக்தர்களின் பாதையில் உள்ள ஓட்டல், தாபா, தள்ளுவண்டி அனைத்திலும் உரிமையாளர் பெயரையும் வேலையாட்களின் பெயரையும் எழுதி மாட்ட வேண்டுமாம். பக்தர்களுக்குக் குழப்பம் வரக் கூடாதாம்! அப்துல்லாஹ் விற்றால் மாம்பழம் அசைவமாகி விடுமா?

எதிர்ப்புக் கிளம்பியதும், 'விரும்பியவர் எழுதலாம்' என்று பின்வாங்கினார்கள். ஆனால் அடுத்து மாநில அரசே யாத்திரைப் பாதை முழுமைக்கும் அதை விரிவாக்கியது. உத்தரகாண்டின் ஹரித்துவாரிலும் அதே கதைதான். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த தாபாக்காரர்கள் முஸ்லிம் வேலையாட்களை நிறுத்திவிட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. முதலாளிக்குச் சில நாள் நட்டம். ரொட்டி சுட்டவனுக்கும் பாத்திரம் கழுவியவனுக்கும் அன்றாடக் கூலியே போயிற்று. பலகையில் எழுதிய ஒரு வரி அடுப்படி வரை பாய்ந்ததைக் கவனியுங்கள்.

மஹுவா மொய்த்ரா எம்.பி. உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2024 ஜூலை 22 அன்று நீதிபதிகள் ஹிருஷிகேஷ் ராய், எஸ்.வி.என். பட்டி அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. என்ன உணவு என்று எழுதச் சொல்லலாம். உரிமையாளர், ஊழியர் பெயரை எழுதக் கட்டாயப்படுத்தக் கூடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிய அதிகாரிக்கு உள்ள அதிகாரத்தைக் காவல்துறை பறித்துக்கொள்ள முடியாது என்றும் கூறியது. கேரளாவில் இரண்டு சைவ ஓட்டல்களில், முஸ்லிம் நடத்திய ஓட்டலுக்கே அதன் சுத்தத்துக்காகப் போனதாக நீதிபதி பட்டி விசாரணையின்போது சொன்னார். வியாபாரிகள் நினைவில் வைக்க வேண்டிய சாட்சியம் இது!

2025-இல் அதே விஷயம் கியூ.ஆர். கோடு வடிவில் திரும்பி வந்தது. அவ்வாண்டு ஜூலை 22 அன்று வேறு அமர்வு, சட்டப்படியான உரிமத்தையும் பதிவுச் சான்றையும் காட்சிக்கு வைக்கச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. மற்ற கேள்விகளுக்குள் போகவில்லை.

ஆகவே சகோதரர்களே, எல்லா பலகை விதியையும் எதிர்ப்பது நம் வேலையல்ல. தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் விதிகளில் 15-ஆவது விதி, பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடம் பெற வேண்டும் என்கிறது. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும். இந்த விதி எல்லாக் கடைக்கும் ஒன்றே. உருதிலோ அரபியிலோ எழுத விரும்பினால் அதற்கும் இடமிருக்கிறது. பெரிய எழுத்தில் தமிழை எழுதுங்கள். உணவுக் கடையாக இருந்தால் உரிமத்தைக் கல்லாவுக்கு மேலே கண்ணில் படும்படி மாட்டுங்கள். யாராவது வந்து வாய்மொழியாக, 'அதை எழுது, இதை எடு' என்றால், எந்தச் சட்டம், எந்த அதிகாரி என்று எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

இளைஞர்களுக்கும் ஒன்று. மாநாடு வந்தால் கடைத்தெரு முழுவதும் பலகைகளின் மேல் கொடி கட்டுகிறீர்கள். கடைக்காரர் நம்மவர்தானே என்று கேட்பதுமில்லை. அவர் கடை முகப்பில் அவர் விரும்பாத அடையாளத்தை ஏற்றும் உரிமை காவல்துறைக்கு இல்லை என்கிறோம். நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? கேட்டுவிட்டுக் கட்டுங்கள், மறுநாளே நீங்களே அவிழ்த்துவிடுங்கள்.