மைலேஜ் குறைந்தது எத்தனாலாலா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"ஹஜ்ரத், வண்டி முன்ன மாதிரி குடுக்கல" – காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் பக்கம் சென்னைக்கு வாடகைக் கார் ஓட்டும் சகோதரர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கும் புலம்பல் இதுதான். எல்லோரும் கைகாட்டுவது இ20 பெட்ரோலை. அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2030-க்குள் எட்ட வேண்டும் என்று 2018-ல் வைத்த இலக்கை, 2022-ல் 2025-26-க்கு முன்னிழுத்தது ஒன்றிய அரசு.

புலம்பலில் எவ்வளவு உண்மை? ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். சுத்தமான பெட்ரோலை 100 என்று வைத்தால், 10 சதவீதக் கலப்பு சுமார் 97, 20 சதவீதக் கலப்பு சுமார் 93. ஆக, மைலேஜ் குறையத்தான் செய்யும். இ20-க்கென டியூன் செய்த வண்டிகளில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே ஒப்புக்கொண்டது. ஆனால் "30 சதவீதம் போச்சு" என்பவர்கள் டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அந்த அளவு இழப்பை எத்தனால் மட்டும் தராது.

டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அது கம்ப்யூட்டரின் மதிப்பீடு. பங்கில் நாசில் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். 300, 400 கிலோமீட்டராவது ஓடியபின் அதே பங்கில், அதே நாசிலில், தானாக நிற்கும்வரை மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரம் 462, பிடித்த பெட்ரோல் 33 லிட்டர் என்றால் மைலேஜ் 14. ஒருமுறை போதாது, மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

14 கொடுத்த வண்டி 5 சதவீதம் குறைந்து 13.3 கொடுத்தால் என்ன ஆகும்? மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுபவருக்குக் கூடுதலாகச் சுமார் 5.6 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் 570 ரூபாய். தினமும் சென்னை போய்வரும் வாடகை வண்டிக்கு இது பல மடங்கு.

நாம் எத்தனாலுக்கு எதிரியல்ல. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது, விவசாயிக்கும் வருமானம் வருகிறது. ஆனால் அந்த 570 ரூபாயை யார் தருவது? இ20-ன் விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. விலை குறையவில்லை. எத்தனாலின் கொள்முதல் விலையே ஏறிவிட்டது என்கிறது அமைச்சகம். பிரேசிலில் தனி எத்தனாலும் கலப்புப் பெட்ரோலும் ஒரே பங்கில் இருக்கின்றன. எத்தனால் விலை பெட்ரோலில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அங்கே அதைப் போடுவார்கள். இங்கே எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது.

வாங்குபவரிடம் பொருளின் குறையைச் சொல்லி விற்பதே நம் ஃபிக்ஹு கற்றுத்தரும் வியாபாரம். 2023-க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவருக்கு அதைப் பங்கிலேயே எழுதிவைத்துச் சொல்லலாமே!

அளவிலேயே சந்தேகம் என்றால் அதற்கும் வழி உண்டு. பங்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை கேட்டு, பிடித்துப் பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது. 25 மில்லிக்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.